சீரான முடுக்கமும் இயக்கச் சக்தி வரைபடமும்

சீரான முடுக்கத்தோடு ஓடும் பொருளின் இயக்கச் சக்திக்கு ஒரே ஒரு வரைபடம் என்று எதுவும் இல்லை. கிடை அச்சில் நேரம் இருந்தால் பரவளைவு வரும். கடந்த தூரம் இருந்தால் நேர்க்கோடு வரும். மலேசியாவின் செமினி, காஜாங் வட்டாரத்தில் நான்காம் படிவ இயற்பியல் படிக்கும் பிள்ளைகளிடம் அடிக்கடி தென்படும் தடுமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. சூத்திரம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் அச்சின் பெயரைப் படிக்கும் முன்பே கை வளைகோட்டை வரைந்துவிடும்.

இயக்கச் சக்தி என்பது பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கிடைப்பது. முடுக்கம் சீராக இருந்தால் சம நேரங்களில் வேகம் சம அளவு கூடும். ஆகவே ஓய்விலிருந்து புறப்பட்ட பொருளின் சக்தி நேரத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதே இயக்கத்தில் சம தூரங்களில் சம அளவு கூடுவது வேகத்தின் வர்க்கம். ஆகவே சக்தி தூரத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். இந்த இரண்டையும் புரிந்து வைத்துக்கொண்டால் எந்த வரைபடத்துக்கும் தனியாக மனப்பாடம் தேவைப்படாது.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்க டிக்கர் டைமரும் டிராலியும் போதும். மலேசியாவின் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது என்பதால், டிக்கர் டைமர் நாடாவில் விநாடிக்கு 50 புள்ளி குத்தும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே 0.02 விநாடி; பத்து இடைவெளி கொண்ட ஒரு துண்டு 0.2 விநாடி. 0.8 கிலோகிராம் டிராலி ஒன்று ஓய்விலிருந்து புறப்பட்டு, சாய்பலகையில் 0.5 மீட்டர்/விநாடி² முடுக்கத்தோடு இறங்குவதாகக் கொள்ளலாம். நாடாவைப் பத்துப் பத்து இடைவெளியாக வெட்டினால் துண்டுகளின் நீளம் 1, 3, 5, 7, 9 செ.மீ. ஒவ்வொன்றையும் 0.2 விநாடியால் வகுத்தால் வேகம் 5, 15, 25, 35, 45 செ.மீ./விநாடி. இயக்கச் சக்தி 1, 9, 25, 49, 81 மில்லிஜூல். ஒற்றை எண்களின் வர்க்கங்கள் இப்படி வரிசையாக வந்து நிற்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்கும்படி விடுவது நல்லது. அந்த ஒரு கண்டுபிடிப்பு பத்து விளக்கங்களைவிட ஆழமாகப் பதிகிறது.

இந்தப் புள்ளிகளை எந்த நேரத்தில் குறிப்பது என்பதுதான் அடுத்த சிக்கல், மதிப்பெண் அதிகம் பறிபோவதும் இங்கேதான். துண்டிலிருந்து கிடைப்பது சராசரி வேகம். முடுக்கம் சீராக இருக்கும்போது, சராசரி வேகம் அந்தக் கால இடைவெளியின் நட்ட நடுவில் இருந்த உண்மை வேகத்துக்குச் சமம். எனவே புள்ளிகள் 0.1, 0.3, 0.5, 0.7, 0.9 விநாடிகளில் விழ வேண்டும், 0.2, 0.4 என்று துண்டு முடியும் நேரத்தில் அல்ல. தவறாகக் குறித்தாலும் வளைகோடு பார்க்க அழகாகவே இருக்கும், அதனால் பிழை கண்ணில் படாது. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: சக்தியின் வர்க்கமூலத்தை நேரத்துக்கு எதிராக வரைய வேண்டும். சரியாகக் குறித்திருந்தால் தொடக்கப் புள்ளி வழியே நேர்க்கோடு போகும். தவறியிருந்தால் கோடு நேர அச்சை 0.1 விநாடியில் வெட்டும்.

பரவளைவின் சாய்வுக்கும் பொருள் உண்டு. எந்தக் கணத்திலும் அது ஒரு விநாடிக்கு எவ்வளவு சக்தி சேர்கிறது என்பதைச் சொல்கிறது. அதாவது அது திறன். விசை மாறவில்லை, ஆனால் வேகம் ஏறிக்கொண்டே இருப்பதால் திறனும் ஏறுகிறது, கோடு போகப்போகச் செங்குத்தாகிறது.

அதே நாடாவைத் தூரத்துக்கு எதிராக வரைந்தால் கணக்கு இன்னும் தெளிவாகிறது. அந்த ஐந்து நேரங்களிலும் டிராலி கடந்த தூரம் 0.25, 2.25, 6.25, 12.25, 20.25 செ.மீ. சக்தியைத் தூரத்தால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் 0.4 நியூட்டன். இதுவே டிராலியின் மீது செயல்படும் நிகர விசை. பொருண்மையை முடுக்கத்தால் பெருக்கினாலும் இதே விடைதான். சாய்வு தருவது உராய்வு போக மிஞ்சிய விசையை என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிராலியை நூல் வழியே இழுக்கும் தொங்கும் எடையையோ, சாய்பலகையில் இறக்கும் ஈர்ப்பின் கூறையோ மட்டும் எடுத்துக்கொண்டு, விடை பொருந்தவில்லை என்று தவிப்பவர்கள் பலர். 1722-இல் நெதர்லாந்து அறிஞர் கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழவிட்டுப் பள்ளங்களை அளந்தபோது வெளிப்பட்டதும் சக்திக்கும் தூரத்துக்கும் உள்ள இந்த உறவுதான். விழும் உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கே ஆகிறது; பள்ளமோ உயரத்தோடு சேர்ந்து ஏறியது.

தொடக்க வேகம் பூஜ்யமாக இல்லாதபோது வடிவம் மாறுவதில்லை, இடம் மட்டுமே நகர்கிறது. தூர வரைபடத்தில் நேர்க்கோடு செங்குத்து அச்சில் தொடக்கச் சக்தியிலிருந்து புறப்படும். நேர வரைபடத்தில் பரவளைவின் அடிப்புள்ளி இடப்பக்கம் தள்ளிப் போய்விடும், தாளில் தெரிவது அதன் ஏறுமுகம் மட்டுமே. மேல்நோக்கி எறிந்த பந்தில் அடிப்புள்ளி படத்துக்குள்ளேயே வரும்: சக்தி குறைந்து, உச்சியில் பூஜ்யத்தைத் தொட்டு, மீண்டும் ஏறும். இதைக் கூர்முனையோடு வரைவது தவறு. அடி உருண்டையாக இருக்க வேண்டும். வேகத்தின் குறி உச்சியில் மாறினாலும் சக்தி ஒருபோதும் அச்சுக்குக் கீழே இறங்காது.

காஜாங்கிலிருந்து செமினி வழியாக பெரானாங் செல்லும் கூட்டரசுச் சாலை 1, இந்தப் பாடத்துக்கு ஆய்வுக்கூடத்தைவிடப் பெரிய உதாரணம். 1,000 கிலோகிராம் கார் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்கச் சக்தி சுமார் 312 கிலோஜூல். 110-இல் சுமார் 467 கிலோஜூல். வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சக்தி கூடியதோ ஏறக்குறைய பாதி. இரண்டு கார்களும் ஒரே இடத்தில் பிரேக் பிடித்து, விநாடி²-க்கு 7 மீட்டர் வீதம் வேகம் குறைகின்றன என்று வைத்துத் தூர வரைபடம் போட்டால், கீழ்நோக்கிச் சரியும் இரண்டு இணைகோடுகள் கிடைக்கும். 90-இல் வந்தது ஏறத்தாழ 45 மீட்டரில் நிற்கும். 110-இல் வந்ததற்கு 67 மீட்டர் வேண்டும். முதல் கார் நின்ற அதே இடத்தில் இரண்டாவது காரிடம் மிஞ்சியிருக்கும் சக்தியை வரைபடத்திலேயே படிக்கலாம்: சுமார் 154 கிலோஜூல். அது மணிக்கு 63 கிலோமீட்டர் வேகம். ஒருவர் நின்றுவிட்ட இடத்தை மற்றவர் இன்னும் 63-இல் கடக்கிறார். பிரேக்கின் வலு வேறாக இருந்தாலும், இரு கார்களுக்கும் அது ஒன்றாக இருக்கும் வரை இந்த 63 மாறாது. 110-இன் வர்க்கத்திலிருந்து 90-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தாலே போதும். சில மாதங்களில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கப்போகும் படிவம் நான்கு பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கையாவது செய்துகாட்டாமல் பாடத்தை முடிக்கக் கூடாது.

வரையும்போது கவனிக்க வேண்டியவை சில. நேர வரைபடத்தில் புள்ளிகளை அடிக்கோலால் இணைக்கக் கூடாது, ஒரே இழுப்பில் மென்மையான வளைகோடு வர வேண்டும். தூர வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளுக்கும் நெருக்கமாகப் போகும் ஒற்றை நேர்க்கோடே சரி. சாய்வு காண எடுக்கும் முக்கோணம் பெரிதாக இருக்கட்டும். சிறிய முக்கோணத்தில் அரை மில்லிமீட்டர் பிசகும் விடையைக் கெடுத்துவிடும். மில்லிஜூலையும் சென்டிமீட்டரையும் அடிப்படை அலகுக்கு மாற்றிய பிறகே வகுக்க வேண்டும்.

தூரக் கோடு நேராகப் போகாமல் வளைந்தால் உடனே அளவீட்டைக் குறை சொல்லத் தேவையில்லை. முடுக்கம் அந்த இடத்தில் சீராக இல்லை என்பதையும் அது காட்டலாம். தொங்கும் எடையால் டிராலியை இழுக்கும் சோதனையில், எடை தரையைத் தொட்ட கணத்தில் நூல் தளர்ந்து கோடு படுத்துவிடும், உராய்வு மிஞ்சியிருந்தால் மெல்ல இறங்கவும் செய்யும். அந்த இடத்துக்குப் பிறகு உள்ள புள்ளிகளை விலக்கிவிட்டு, அதற்கு முன்னுள்ளவற்றுக்கு மட்டும் நேர்க்கோடு வரைந்து சாய்வு காண வேண்டும்.