கிளைக் கணக்கு: பேங்கில் இருப்பதெல்லாம் நம் காசா?



கிளைப் பொருளாளர்களுக்குப் பயிற்சி நடத்தும்போது நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "உங்கள் கிளையில் இப்போது எவ்வளவு பணம் இருக்கு?" எல்லாரும் பேங்க் கணக்கைப் பார்த்து உடனே பதில் சொல்வார்கள். அடுத்து, "அதில் எவ்வளவு நீங்கள் விருப்பம்போல் செலவு பண்ணலாம்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இந்தப் பாடம் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான்.

கடைக்காரருக்கு லாபம் எவ்வளவு என்பதே முக்கியம், காசு அவருடையது. சங்கத்துக்கு முதலாளி கிடையாது. நன்கொடை கொடுத்தவர் காசைத் திருப்பிக் கேட்கமாட்டார். ஆனால், "நான் எதுக்குக் கொடுத்தேனோ அதுக்குத்தானே செலவாச்சு?" என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அதனால் சங்கக் கணக்கில் பணத்தை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். சந்தா, பொது நன்கொடை போன்றவை பொது நிதி. 'ஏழை மாணவர்களுக்கு' என்று சொல்லிக் கொடுத்தது குறித்த நிதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுத் தொடக்கத்தில் பொது நிதியில் 3,000 ரிங்கிட் இருக்கிறது. அந்த ஆண்டில் சந்தா 1,200, பொது நன்கொடை 2,800, கல்வி நிதிக்கு 5,000 வருகிறது. தேவார வகுப்புக்கு 1,500, மண்டப வாடகை முதலியவற்றுக்கு 2,500, மாணவர் உதவிக்கு 2,000 செலவாகிறது. ஆண்டு முடிவில் பேங்கில் 6,000 ரிங்கிட் இருக்கும்.

இப்போது ஒருவர் சொல்கிறார்: "அண்ணே, ஆறாயிரம் இருக்கே! 4,500-க்கு நல்ல ஒலிபெருக்கி வாங்கிடலாமே?" பிரித்துப் பாருங்கள். கல்வி நிதியில் மீதம் 3,000. பொது நிதியில் மீதம் 3,000. ஒலிபெருக்கி வாங்கினால் மாணவர் காசில் 1,500 கரைந்துவிடும். அதோடு, டிசம்பர் வாடகை 800 ரிங்கிட் இன்னும் கட்டவில்லை என்றால் பொது நிதியில் உண்மையில் இருப்பது 2,200 மட்டுமே. வரவு செலவுக் கணக்கு மட்டும் எழுதினால் இந்த 800 கண்ணில் படாது. சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று காட்டும் இருப்புநிலைக் குறிப்பும் கூடவே வேண்டும் என்பது இதனால்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில், விழாச் செலவுக்காகக் கல்வி நிதியிலிருந்து 'கொஞ்ச நாளைக்கு' எடுத்தார்கள். யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு மாணவி கல்லூரிப் பதிவுக் கட்டணத்துக்கு வந்து நின்றபோது கொடுக்கப் பணம் இல்லை. அடுத்த ஆண்டு அந்த நிதிக்கு நன்கொடை கேட்கப் போனவர்களுக்கு வாசலிலேயே பதில் கிடைத்தது.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில், ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் தானம் கொடுத்த செய்தி பல இடங்களில் வருகிறது. அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். பழைய ஆடு செத்தாலும் குட்டி அதன் இடத்துக்கு வரும், மந்தை குறையக்கூடாது. அதிலிருந்து கிடைக்கும் நெய் அந்த விளக்குக்குத்தான் போக வேண்டும். முதல் வேறு, பலன் வேறு என்று கல்லிலேயே எழுதி வைத்தார்கள்.

நம் நாட்டு அரசாங்கக் கணக்கிலும் இதே பிரிவு உண்டு. 1957-ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டப்படி, கூட்டரசின் ஒருங்கிணைந்த நிதி வருவாய், கடன், டிரஸ்ட் என மூன்று கணக்குகளாக வைக்கப்படுகிறது. டிரஸ்ட் கணக்கில் இருப்பது குறிப்பிட்ட நோக்கத்துக்கான பணம். தலைமைக் கணக்காய்வாளர் தம் அறிக்கையை மாமன்னரிடம் அளிக்க, அது மக்களவையில் வைக்கப்படுகிறது. நம் கிளைக்கு ஆண்டுப் பொதுக்கூட்டமே மக்களவை. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பொருளாளர் தம்பி, தங்கைகளே, இந்த மாதமே இவற்றைத் தொடங்குங்கள்:

1. வரும் ஒவ்வொரு காசுக்கும் எண்ணிட்ட ரசீது. எந்த நிதிக்கு என்பதை ரசீதிலேயே எழுதுங்கள்.
2. உண்டியலை இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.
3. வசூலான ரொக்கத்திலிருந்து நேரடியாகச் செலவு செய்யாதீர்கள். முழுத் தொகையும் முதலில் பேங்குக்குப் போகட்டும்.
4. மாதக் கடைசியில் பேங்க் அறிக்கையையும் நம் புத்தகத்தையும் ஒப்பிடுங்கள். வித்தியாசத்துக்குக் காரணம் எழுதுங்கள்.
5. பணம் கொடுக்க ஒப்புதல் தருபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம்.

"எங்களை நம்பலையா?" என்று சிலர் வருத்தப்படலாம். அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: நாளைக்கு யாராவது விரல் நீட்டினால், இந்த இரண்டாவது கையெழுத்துதான் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில், பேங்க் தொகையை ஒரே வரியாகப் படிக்காமல் நிதி நிதியாகப் பிரித்து வாசித்துப் பாருங்கள். உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், நல்லதுதான்.