படத்தைப் பகுத்தலும் மீண்டும் பொருத்துதலும்

பெங்களூரில் கோரமங்கலத்தை அடுத்துள்ள ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பு மனையில் இருந்த தகரக் கொட்டகைகள் 2013 ஜனவரியில் இடித்து அகற்றப்பட்டன. அதற்கு முன்பும் பின்பும் எடுத்த விண்படங்களை ஒப்பிட்டு, கொட்டகைகள் நின்ற இடங்களைக் குறிக்க வேண்டுமாயின், இரு படங்களும் இம்மியும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துதல் அவசியம். பெரிய படத்தைத் துண்டுகளாக்கிப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும்போதுதான் இப்பொருத்தம் பெரும்பாலும் கெடுகிறது.

2400 புள்ளி அகலமும் 1800 புள்ளி உயரமும் உள்ள ஒரு வண்ணப்படத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள். ஆக 1,29,60,000 பைட்டுகள். பி.பி.எம். என்னும் எளிய வடிவில் இவை மேல்வரிசை தொடங்கி வரிசை வரிசையாக எழுதப்படுகின்றன. ஆகவே படத்தைக் குறுக்கே வெட்டுவது, நூலில் சில பக்கங்களைத் தனியே எடுப்பது போலச் சுலபம். நெடுக்கே வெட்டுவதோ ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பகுதியைப் பொறுக்கி எடுக்கும் வேலை. மீண்டும் பொருத்தும்போதும் அப்படியே மாறி மாறிச் சேர்க்க வேண்டும்.

இவ்வேலைக்கென நெட்பிபிஎம் தொகுப்பில் இரு சிறு புரோகிராம்கள் உள்ளன. (ஜெஃப் போஸ்கான்சர் 1988 அளவில் வெளியிட்ட பிபிஎம்பிளஸின் வழித்தோன்றல் இத்தொகுப்பு.) பாம்டைஸ் பகுக்கும், பாம்அண்டைஸ் கூட்டும். இரண்டும் கட்டளை வரியில் இயங்குவன. துண்டின் பக்கம் 1024 புள்ளி என்று குறித்தால், மேற்கூறிய படம் மூன்று நிரல், இரண்டு வரிசையாக ஆறு துண்டுகளாகும். கடைசி நிரலின் அகலம் 352 புள்ளியும், கீழ்வரிசையின் உயரம் 776 புள்ளியுமே. துண்டின் பெயரில் முதல் எண் வரிசையையும் அடுத்த எண் நிரலையும் குறிக்கும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். கூட்டும்போது நிரல்கள் மூன்று, வரிசைகள் இரண்டு என்று உபயோகிப்பவரே சொல்ல வேண்டும். துண்டுகள் ஒன்றையொன்று தழுவுமாறு வெட்டியிருந்தால், அத்தழுவலின் அளவையும் மாறாமல் கூறுதல் வேண்டும். கூட்டிய படத்தையும் மூலப்படத்தையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான சோதனை; கண்பார்வை போதாது.

மூலம் ஜேபெக் வடிவில் இருந்தால் எச்சரிக்கை தேவை. துண்டுகளை அவ்வடிவிலேயே மீண்டும் சேமித்தால், ஒவ்வொரு தடவையும் நுட்பம் சிறிது குறையும். ஜேபெக்டிரான் என்னும் புரோகிராம் இழப்பின்றி வெட்டக்கூடியது. ஆயின் வெட்டின் இடது மேல் மூலை படத்தின் உட்கட்டங்களின் எல்லையில் அமைதல் வேண்டும். அக்கட்டங்களின் பக்கம் பொதுவாக 8 அல்லது 16 புள்ளி. 1024 இவ்விரண்டாலும் மீதியின்றி வகுபடுவதால் தொல்லை இல்லை.

இனி, பலர் மறப்பது ஒன்று. பி.பி.எம். வடிவில் பூகோள ஆயங்களுக்கு இடமில்லை. புள்ளி ஒன்று தரையில் அரை மீட்டர் எனில், இரண்டாம் நிரலின் தொடக்கம் முதல் நிரலின் தொடக்கத்திற்கு 512 மீட்டர் கிழக்கே உள்ளது. இதைக் கூட்டாமல் மூலப்படத்தின் ஆயத்தையே துண்டுக்கும் கொடுத்துவிட்டால், ஈஜிபுராவின் கொட்டகைகள் அரைக் கிலோமீட்டர் மேற்கே போய் நிற்கும்! ஃபிராங்க் வார்மர்டாம் 1998-இல் தொடங்கிய ஜிடால் தொகுப்பின் கருவிகள், ஆயமுள்ள படத்தை வெட்டும்போது இத்திருத்தத்தைத் தாமே செய்கின்றன. ஆகவே நிலப்படங்களுக்கு அவையே ஏற்றவை. மூன்று மீட்டர் அகலமுள்ள கொட்டகை அப்படத்தில் ஆறு புள்ளிகளே. ஒரு வரிசையை இருமுறை சேர்த்தாலும் அதன் ஆறில் ஒரு பங்கு இடம் பெயர்ந்துவிடும்.