இடியும் துடிப்பும்: நம் வானொலி நிலையத்தைக் காக்கும் வழி

ஊரில் வானம் கறுத்து முதல் இடி முழங்கியதும் எங்கள் பாட்டி இரண்டு காரியங்கள் செய்வார். ஒன்று, 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று வாய்விட்டுச் சொல்வார். மற்றொன்று, "டேய், டி.வி. பிளக்கைப் பிடுங்கு, ஆன்டெனா வயரையும் கழற்றிப் போடு" என்று என்னை விரட்டுவார். முதற் காரியத்தின் பயனைப்பற்றி நான் வாதிட வரவில்லை. இரண்டாவது எத்துணை ஆழ்ந்த அறிவு என்பதைச் சென்ற ஆண்டு இந்த வங்காளத்து மண்ணில் தெரிந்துகொண்டேன். அதற்கு நமது வானொலிக் கழகத்தின் கருவியையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

பங்குனிக் கடைசி. நமது சங்கத்தின் புத்தாண்டு விழா ஒத்திகைக்கு நேரமாயிற்றென்று, கழக அறையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். கருவியை அணைத்தேன், ஆனால் மாடியிலிருந்து வரும் வான்கம்பியைக் கழற்றவில்லை. அன்று மாலை, வங்காளிகள் காலபைசாகி என்று அழைக்கும் கோடைச் சூறாவளி வந்தது. ஏறத்தாழ 200 மீட்டருக்கு அப்பால் நின்ற பனைமரத்தின்மேல் மின்னல் விழுந்தது. நமது கட்டடத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. மறுநாள் காலை கருவியை முடுக்கினேன். விளக்கு எரிந்தது; இரைச்சல் கேட்டது; ஆனால் ஒரு நிலையமும் கேட்கவில்லை. கருவி செவிடாகிவிட்டது.

மின்னல் நம்மைத் தொடவே இல்லை. பின், எது தொட்டது? அக்கேள்விக்கு விடை காண்பதும், இனி அவ்வாறு நேராமல் காப்பதும் எப்படி என்பதே இக்கட்டுரை.

துடிப்பு என்பது யாது?

ஒரு கம்பியில் மின்னோட்டம் மாறும்போது அதைச் சுற்றியுள்ள மின்புலமும் காந்தப்புலமும் மாறுகின்றன. மாற்றம் வெளியெங்கும் அலையாகப் பரவுகிறது. ஒலிபரப்பும் இதுதான். மின்னலோ பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் சில மைக்ரோ செகண்டுகளில் எழுந்து அடங்கும் நிகழ்ச்சி. எனவே அது தானே ஒரு மாபெரும் ஒலிபரப்பி; ஒரே ஒரு சொல்லை மட்டும் மிக உரக்கக் கத்திவிட்டு ஓய்ந்துவிடுகிற ஒலிபரப்பி. அந்தக் கத்தலைத்தான் மின்காந்தத் துடிப்பு என்கிறோம்.

நமது கருவியின் காதோ மிகக் கூர்மையானது. அதன் வாயிலில் 50 மைக்ரோ வோல்ட் வந்தாலே அதை உரத்த சைகை என்று கொள்வது ஹாம்களின் வழக்கம். அதனினும் நூறு மடங்கு மெல்லிய சைகையையும் அது கேட்கும். அத்தகைய காதினருகே சில நூறு வோல்ட் வந்து நின்றால் என்னாகும்? பழைய வால்வுக் கருவிகள் அதை ஒருவாறு தாங்கின. இன்றைய டிரான்ஸிஸ்டரின் உள்ளே இருக்கும் மெல்லிய காப்புப் படலமோ சில பத்து வோல்ட்டிலேயே துளைபட்டுவிடும். நம் கருவியின் முதற் டிரான்ஸிஸ்டருக்கு நேர்ந்தது அதுவே.

துடிப்பை உண்டாக்குவது மின்னல் மட்டுமன்று. 1962 ஜூலையில் அமெரிக்கர் பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்குமேல், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டை வெடித்தனர். அதன் ஆற்றல் 14 லட்சம் டன் வெடிமருந்துக்கு ஈடானது. அவ்வளவு உயரத்தில் வெடித்ததால் நிலத்தில் காற்றதிர்ச்சியும் இல்லை, தீயும் இல்லை. ஆயினும் 1,400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஹவாயில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டு அறிவிப்பு மணிகள் தாமாக ஒலித்தன.

காரணம் இதுதான். வெடியிலிருந்து கிளம்பிய காமா கதிர்கள் மேல்வளிமண்டலத்து அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைத் தட்டி எறிந்தன. அந்த எலெக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் வளைந்து ஓடின. வளைந்தோடும் எலெக்ட்ரான் கூட்டம் ஒரு மின்னோட்டமன்றோ? அது வானத்தையே ஒலிபரப்பியாக்கிவிட்டது.

இவ்வகைத் துடிப்பில் மூன்று கூறுகள் உண்டு. முதற் கூறு சில நானோ செகண்டுகளில் எழுந்து, ஒரு மைக்ரோ செகண்டுக்குள் ஓய்ந்துவிடும். அதன் வலிமை மீட்டருக்கு 50,000 வோல்ட் வரை போகலாம். இரண்டாம் கூறு மின்னலை ஒத்தது. மூன்றாம் கூறு பல செகண்டுகள், நிமிடங்கள் நீடிக்கும்; இது சூரியப் புயலை ஒத்தது.

சூரியப் புயலின் கைவரிசையையும் உலகம் கண்டிருக்கிறது. 1859இல் அது தந்திக் கம்பிகளில் பொறி பறக்கச் செய்தது. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் மக்களை ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. 2024 மே மாதத்தில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததும் அத்தகைய புயலால்தான். ஆனால் இது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட கம்பிகளையே தாக்குவது. நமது 20 மீட்டர் வான்கம்பி அதற்கு ஒரு பொருட்டன்று; மின்சார வாரியத்தின் கம்பி வழியேதான் அதன் தொல்லை நம்மை வந்தடையும்.

பகைவன் வரும் வழி

1962 அக்டோபரில் சோவியத் நாட்டினர் கஸகஸ்தானுக்குமேல் இத்தகைய சோதனை ஒன்றை நடத்தினர். 570 கிலோமீட்டர் நீளமுள்ள தொலைபேசிக் கம்பியில் காவற் குழாய்கள் பற்றிக்கொண்டன, ஃபியூஸ்கள் எரிந்தன. 90 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கப்பட்டிருந்த 1,000 கிலோமீட்டர் மின்கம்பியும் தப்பவில்லை.

மறு ஆண்டே, 1963இல், வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுச் சோதனை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. இந்தியாவும் அதில் சேர்ந்தது. அந்த ஆபத்து மீண்டும் வாராதிருப்பதாக! ஆயினும் அந்தச் சோதனைகள் நமக்கு ஒரு பாடத்தை விட்டுச் சென்றன: துடிப்பு கருவியைத் தேடி வருவதில்லை, கம்பியைத் தேடி வருகிறது. கம்பி நீண்டிருந்தால் மிகுதியாக வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைத் தன் முனையில் உள்ள கருவியின் வாயில் கொட்டிவிடுகிறது. தனியே மேசைமேல் கிடக்கும் சிறு கருவிக்கு நேரும் தீங்கு குறைவு. வான்கம்பியிலும் மின்சாரத்திலும் பிணைக்கப்பட்ட கருவிக்கே தீங்கு அதிகம்.

இதை மனத்தில் கொண்டால், காப்பு முறைகள் நான்கும் தாமே விளங்கும்.

ஒன்று: கழற்றுதல்

சுவிட்சை அணைப்பது காப்பாகாது. சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு அது ஒரு தாண்டல். எனவே மின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். வான்கம்பியின் கேபிளையும் கழற்ற வேண்டும். கணிப்பொறியோடு இணைத்த வயரையும் மறக்கலாகாது. கழற்றிய முனையைக் கருவிக்குப் பக்கத்திலேயே தொங்கவிடாமல், கட்டடத்திற்கு வெளியே நிலத்தோடு இணைத்துவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இடியோசை காதில் விழுந்துவிட்டால் மின்னல் எட்டும் தொலைவுக்குள் நாம் வந்துவிட்டோம் என்று பொருள். அப்போது கேபிளைத் தொடாதீர்கள். கருவி போனால் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே கழற்றுவது புயலுக்குமுன் செய்யும் வேலை. அறையைப் பூட்டும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய வேலை.

இரண்டு: ஒரே நிலம்

கழற்ற நேரமில்லாத வேளையும் உண்டு. அப்போது கைகொடுப்பது நில இணைப்பு. இதிலே நம்மில் பலர் செய்யும் தவறு, மின்சாரத்துக்கு ஓர் எர்த், வானொலிக்கு வேறோர் எர்த் என்று இரண்டு வைத்து, அவற்றை இணைக்காமல் விடுவது. மின்னல் அருகில் விழுந்தால் நிலத்தின் இரு இடங்களிலும் ஒரே மின்னழுத்தம் இராது. ஓரிடம் மற்றதைவிடப் பல்லாயிரம் வோல்ட் உயர்ந்து நிற்கும். அந்த வேறுபாடு ஒன்றையொன்று சந்திக்கும் இடம் எது? இரண்டு எர்த்தும் வந்து சேரும் நமது கருவிதான்! ஆகவே நிலத்தில் எத்தனை செப்புத் தண்டுகள் அடித்தாலும் அனைத்தையும் தடித்த செப்புப் பட்டையால் ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். அறைக்குள் வரும் கேபிள்கள் யாவும் ஒரே உலோகத் தட்டின் வழியே நுழைய வேண்டும். அந்தத் தட்டு நிலத்தோடு இணைந்திருக்க வேண்டும். அப்போது எல்லாம் ஒன்றாக உயரும், ஒன்றாகத் தாழும். வேறுபாடு இல்லையேல் தீங்கும் இல்லை.

நிலக்கம்பி எவ்வளவு நீளமாக இருக்கலாம்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நேரான கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி தூண்டல் உண்டு. 20,000 ஆம்பியர் மின்னோட்டம் 2 மைக்ரோ செகண்டில் எழுவதாகக் கொள்வோம். தூண்டலை மின்னோட்டம் மாறும் வேகத்தால் பெருக்கினால், ஒவ்வொரு மீட்டருக்கும் 10,000 வோல்ட் கிடைக்கிறது. மூன்று மீட்டர் கம்பியில் 30,000 வோல்ட்! கம்பியின் மின்தடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எனவே நிலக்கம்பி குட்டையாக, நேராக, பட்டையாக இருக்க வேண்டும். அழகுக்காக வளைத்துச் சுருட்டி வைப்பது, விருந்தாளியை வாசலில் நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறப்பது போன்றது.

மூன்று: காவற் குழாய்

வான்கம்பியின் கேபிள் அந்த உலோகத் தட்டை அடையும் இடத்தில் வாயுக் குழாய் ஒன்றைப் பொருத்தலாம். சாதாரண வேளையில் அது மின்சாரத்தைக் கடத்தாது. மின்னழுத்தம் எல்லை மீறினால் உள்ளிருக்கும் வாயு அயனியாகி, மின்னோட்டத்தை நிலத்துக்குத் திருப்பிவிடும். எந்த எல்லையுள்ள குழாயை வாங்குவது? 100 வாட் ஆற்றலை 50 ஓம் கேபிளில் அனுப்பும்போது நமது சொந்தச் சைகையே 100 வோல்ட் உச்சத்தை எட்டும். வான்கம்பி பொருந்தாவிட்டால் இன்னும் ஏறும். 90 வோல்ட் குழாயை வைத்தால் நாம் பேசும்போதே அது பற்றிக்கொள்ளும். ஆகவே 230 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ உள்ளது நம்போன்றோருக்கு ஏற்றது.

வாயுக் குழாய் வலிமையானது. ஆனால் சற்று மந்தமானது. அணுத்துடிப்பின் முதற் கூறுபோல் மிக விரைவாக எழுவதை அது முழுவதும் தடுக்காது. அதற்குப் பின்னால், கேட்கும் பகுதியின் வாயிலில், எதிரெதிராக இணைத்த விரைவு டையோடுகள் இரண்டை வைத்தால் மிச்சத்தை அவை பிடித்துக்கொள்ளும். மின்சார வழியில் இந்த வேலையை வாரிஸ்டர் செய்யும். நமது 230 வோல்ட் மின்சாரத்துக்கு 275 வோல்ட் அளவுள்ளதை இடுவது வழக்கம். ஒவ்வோர் அடியிலும் வாரிஸ்டர் சிறிது தேய்கிறது; அதை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

நான்கு: தகரப் பெட்டி

1836இல் மைக்கேல் ஃபாரடே 12 அடி நீள அகல உயரமுள்ள ஓர் அறை கட்டி, அதைக் கடத்தும் பொருளால் போர்த்தி, வெளியே பொறி பறக்கும்படி மின்னேற்றிவிட்டு, தாம் உள்ளே அமர்ந்து சோதித்தார். உள்ளே மின்னூட்டத்தின் சுவடே தெரியவில்லை. இந்த உண்மையை நாமும் பயன்படுத்தலாம்; அறை வேண்டாம், ஒரு பெட்டி போதும்.

பெட்டியின் தகடு தடிப்பாக இருக்க வேண்டுமென்று பலர் எண்ணுகின்றனர். விநாடிக்குப் பத்து லட்சம் சுற்றுள்ள அலை, அலுமினியத்தில் 0.08 மில்லிமீட்டர் போவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் தகட்டைக் கடப்பதற்குள் நானூற்றில் ஒரு பங்காகிவிடும். எனவே குறை தகட்டில் இல்லை. மூடியின் விளிம்பில் இருக்கிறது. ஊசி முனையளவு துளை பத்து இருந்தாலும் பாதகமில்லை. ஒரு முழ நீளத்துக்கு மயிரிழை போன்ற பிளவு இருந்தால் அதன்வழியே அலை உள்ளே புகும். பிளவின் பரப்பைவிட அதன் நீளமே முக்கியம். மூடியின் விளிம்பிலுள்ள பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடச் செய்து, கடத்தும் பசைநாடாவால் சுற்றிலும் ஒட்ட வேண்டும். உட்புறம் அட்டை பரப்பினால் கருவி உலோகத்தில் படாது. வெளியிலிருந்து ஒரு கம்பியும் உள்ளே போகலாகாது. இந்தப் பெட்டிக்கு எர்த் தேவையில்லை.

சோதிக்க விரும்புவோர், பண்பலை நிலையம் ஒன்றைப் பாடவிட்ட சிறு ரேடியோவை உள்ளே வைத்து மூடிப் பார்க்கலாம். பாட்டு நிற்காவிட்டால் பெட்டி தேறவில்லை. நின்றால் முதல் தேர்வில் தேறிற்று, அவ்வளவே. அணுத்துடிப்புக்கு அது முழு நற்சான்றாகாது.

இந்தப் பெட்டியில் எதை வைப்பது? தினந்தோறும் வேண்டிய கருவியை வைக்க இயலாது. கைக்கடக்கமான ஒரு கருவி, சார்ஜர், மாற்று மின்கலம், சுருட்டிய வான்கம்பி ஒன்று, அலைவெண்களைக் கையால் எழுதிய ஒரு தாள். இவை போதும்.

ஏன் இத்தனை பாடு?

'ஆளுக்கொரு கைப்பேசி இருக்கையில் இதெல்லாம் எதற்கு?' என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். 2004 டிசம்பரில் அந்தமானில் ஒரு ஹாம் குழுவினர் தங்கியிருந்தனர். பாரதி பிரசாத் என்னும் பெண்மணி அக்குழுவின் தலைவர். உலகெங்குமுள்ள ஹாம்களோடு பேசி மகிழ்வதற்காகவே அவர்கள் அங்குச் சென்றிருந்தனர். 26ஆம் தேதி நிலம் நடுங்கிக் கடல் பொங்கியது. தொலைபேசிகள் ஊமையாயின. போர்ட் பிளேரிலிருந்து அவர்களது கருவி பேசிற்று. தீவில் இருந்தோரின் செய்தியைக் கரையில் தவித்த உறவினருக்குச் சொல்லிற்று. தமிழ்க் குடும்பங்களும் மிகுதியாக வாழும் தீவுகள் அவை.

அன்று அக்கருவி முந்திய வாரத்து இடியில் செவிடாகிக் கிடந்திருந்தால்? இக்கேள்வியைத்தான் அந்த நண்பரிடம் திருப்பிக் கேட்டேன். அவர் அடுத்த வாரமே கழகத்தில் சேர்ந்தார்.

நண்பர்களே, பிறர் கருவிகள் ஓய்ந்த நேரத்தில் பேசுவதற்காகவே நமது கருவி இருக்கிறது. அந்த நேரம் வருவதற்குள் அது ஓய்ந்துவிட்டால் அது வெறும் பொம்மை. செப்புப் பட்டையும் தண்டும் வாங்கக் கழகம் முடிவு செய்துள்ளது. தகரப் பெட்டியை நானே செய்து வைத்துவிட்டேன். மிச்சம் இருப்பது காசில்லாத காப்பு ஒன்றுதான். அறைக் கதவின் உட்புறம் ஒரு தாளில் 'கழற்றினாயா?' என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கடைசியாக வெளியேறுபவர் அதைப் படித்துவிட்டுக் கதவைப் பூட்டுவாராக. ஒத்திகைக்கு நேரமாகிவிட்டாலும் சரியே.