இனிப்புப் பானங்களை ஒப்பிட்டு அறியும் முறை

வெயிலில் களைத்து வந்தவருக்குக் குளிர்ந்த பானம் கொடுத்து உபசரிப்பது நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் நல்வழக்கமேயானாலும், கொடுப்பது புட்டியில் அடைத்த கோலாவா, கடையில் பிழிந்த பழரசமா, நன்னாரி சர்பத்தா, இளநீரா என்பதைப் பொறுத்து அதனால் சரீரத்துக்கு விளையும் பலன் பெரிதும் வேறுபடுகிறது. பெயரையும் விளம்பரத்தையும் நம்பித் தீர்மானிக்காமல், ஒரு தேக்கரண்டியும் சிறிது பெருக்கற் கணக்கும் கொண்டு வீட்டிலேயே ஒவ்வொருவரும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க முறையொன்றைப் படிப்படியாகக் கீழே தருகிறேன்.

1. அளவுகோலை நிச்சயித்துக்கொள்க

உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ஆம் ஆண்டில் வகுத்த விதியின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி உணவு கொள்ளும் ஒருவருக்கு, உணவிலும் பானத்திலும் சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பாகு, பழச்சாறு ஆகிய யாவற்றின் வழியாகவும் சேரும் சர்க்கரை 50 கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும். 25 கிராமுக்குள் அடங்குவது உத்தமம். தலைதட்டிய தேக்கரண்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், உச்சவரம்பு பத்துத் தேக்கரண்டி, உத்தமமான அளவு ஐந்து. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவையும் இந்தக் கணக்கில் சர்க்கரையாகவே சேரும்.

2. புட்டியின் மேலுள்ள சீட்டைப் படிக்க

சத்து விவரப் பட்டியலில் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று குறித்திருப்பதைக் கண்டு, புட்டியின் முழுக் கொள்ளளவோடு அதைப் பெருக்கி, நூறால் வகுங்கள். கோலாக்களில் இது பெரும்பாலும் 10 அல்லது 11 கிராமாக இருக்குமாதலால், 600 மில்லிலிட்டர் புட்டி ஒன்றைத் தனியே குடித்து முடிப்பவர் 60 கிராமுக்குக் குறையாத சர்க்கரையை, அதாவது ஒரு நாளைய உச்சவரம்புக்கும் மேற்பட்டதை, ஒரே தடவையில் உட்கொள்கிறார். சேர்மானங்கள் எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தப்படுவது விதி. நீரை அடுத்துச் சர்க்கரையோ குளுக்கோஸ் பாகோ காணப்படுமாயின், பழத்தின் படம் எவ்வளவு பெரிதாக இருப்பினும், அந்தப் பானத்தைச் சர்க்கரை நீர் என்றே கருதுக.

3. சீட்டில்லாத பானங்களை மதிப்பிடுக

தேக்கரண்டி இரண்டு சர்க்கரை போட்ட தேநீரை நாளைக்கு ஐந்து வேளை அருந்துகிறவர், கோலாவைக் கையாலும் தொடாதவராக இருந்தும், 50 கிராமை எட்டிவிடுகிறார். கரும்புச் சாறு ஒரு தம்ளரில் கோலாவுக்குக் குறையாத சர்க்கரை உண்டு. சர்க்கரை சேர்க்காத ஆரஞ்சுச் சாற்றிலுங்கூட 100 மில்லிலிட்டருக்கு 8 கிராமுக்குமேல் இருக்கிறது. இளநீரிலோ இதைவிடக் குறைவு.

4. சரீரத்துள் நடப்பதை அறிக

பழத்தை மென்று தின்னும்போது அதன் நார்ப்பொருள் சர்க்கரையின் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. சாறாகப் பிழிந்து சக்கையை எறிந்துவிட்டால், மதகு திறந்தாற்போல் அது விரைந்து இரத்தத்தில் கலக்க, கணையம் மிகுதியாக இன்சுலின் சுரக்க நேரிடுகிறது. சர்க்கரையின் ஒரு பாதியாகிய பிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கே செல்வதால், அளவு மீறும்போது அங்கே கொழுப்பாக மாறுகிறது. திரவமாக உட்சென்ற கலோரி பசியையும் போதிய அளவு தணிப்பதில்லையாகையால், வழக்கமான உணவும் குறையாமல் உடல் பருக்கிறது; நாளடைவில் நீரிழிவும் இருதய நோயும் தொடரக்கூடும். கோலாவிலுள்ள அமிலமோ பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. சர்க்கரை நீக்கிய வகைகளிலும் இந்தத் தீங்கு நீங்குவதில்லை.

5. அருந்துபவரையும் சந்தர்ப்பத்தையும் கருதுக

இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கும் நிலையிலுள்ள நீரிழிவு நோயாளிக்கு, அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீரே மருந்து. வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்கோ கோலாவும் இனிப்பு மிகுந்த பழரசமும் ஆகா. மருத்துவர்கள் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கும்போது, கோலாவில் 100 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரை இருப்பதால், அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகப்படுத்தக்கூடும். இளநீரில் பொட்டாசியம் மிகுதியாகையால், சிறுநீரக நோயாளிகள் வைத்தியரைக் கேளாமல் அதை அருந்தலாகாது. காபீன் கலந்த சக்திப் பானங்களைக் குழந்தைகளிடமிருந்து முற்றும் விலக்குக.

6. வரிசைப்படுத்தி, மெல்லக் குறைக்க

இவ்வாறு கணக்கிட்டால், தினசரி தாகசாந்திக்கு நீரும் உப்பிட்ட நீர்மோரும் முதல் வரிசையிலும், இளநீரும் சர்க்கரையிடாத பாலும் அடுத்தும், சர்க்கரை சேர்க்காத பழச்சாறு எப்போதேனும் சிறு தம்ளர் அளவில் கொள்ளத்தக்கதாக மூன்றாவதாகவும், கரும்புச் சாறு, சர்பத், மாம்பழப் பானம், கோலா ஆகியவை யாவும் கடைசியிலும் நிற்கும். பழகிய நாவு ஒரே நாளில் இசையாதாகையால், தேநீரில் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு தேக்கரண்டியும் இல்லாமலே அது ருசிக்கத் தொடங்கும்.

சிறு வயதில் பழகிய சுவை பெரும்பாலும் பிற்காலத்திலும் தொடர்வதால், குழந்தைகளுக்கு இனிப்புப் பானத்தைப் பரிசாகவோ சமாதானமாகவோ கொடுக்கும் வழக்கத்தைப் பெற்றோர் இன்றே கைவிட வேண்டுமென்று பெரிதும் வேண்டிக்கொள்கிறேன்.