பெற்றோர் படிக்காவிட்டால் வாய்ப்புக் குறையுமா?

கேள்வி: நானும் கணவரும் சாதாரண தரத்தோடு நின்றவர்கள். பல்கலைக்கழக அனுமதியில் மகளுக்கு அது பாதிப்பா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: விண்ணப்பத்தில் பாதிப்பில்லை, சகோதரி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது இசட் புள்ளியையும் மாவட்டத்தையும்தான். பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆனால் கொழும்பு முழுவதும் ஒரே மாவட்டம். துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கறுவாத்தோட்டத்து வைத்தியரின் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. இரவு பத்து மணிக்கு இரசாயனவியல் பாஸ்ட் பேப்பரில் ஒரு கணக்கு இடறினால், ஒரு வீட்டில் கேட்க ஆள் உண்டு. மற்ற வீட்டில் அடுத்த ரியூசன் வகுப்புவரை காத்திருக்கவேண்டும். பாடசாலையின் முதலாம் தர அனுமதியிலோ பெற்றோரின் பள்ளிக்காலத்துக்கே புள்ளி உண்டு: பழைய மாணவரின் பிள்ளைகளுக்கென ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. அனுகூலம் ஐந்து வயதிலேயே எண்ணப்படுகிறது. அது இல்லாத குறையைப் பத்தொன்பது வயதில் எவரும் எண்ணுவதில்லை.

படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு கேட்டால், திறமைக்கு மட்டுமே இடம் என்பார்கள். மாவட்ட ஒதுக்கீட்டை ஏற்ற நாடு அந்த வாதத்தை எப்போதோ கடந்துவிட்டது. பெற்றோர் படிக்கவில்லை என்று பொய் சொல்வார்களே என்ற அச்சம் நியாயமானது. ஆனாலும் தமிழ்நாட்டில் 2010 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற சான்றிதழைச் சரிபார்த்துத்தான் கல்விக்கட்டணச் சலுகை கொடுக்கிறார்கள். கொழும்பு ஒதுக்கீட்டுக்குள்ளேயே முதல் தலைமுறைக்கு ஒரு சிறு பங்கு வேண்டும் என்பதே என் முடிவு. மகள் தெரிவானதும் மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள்.