மலை ஓரிடம், கடல் ஓரிடம், கொட்டாரம் ஓரிடம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மலைக்கோட்டையும் கடற்கோட்டையும் அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் அமையவில்லை. புலியூர்க்குறிச்சியில் ஒரு குன்றை வளைத்து உதயகிரியும், கடலை ஒட்டி வட்டக்கோட்டையும், தக்கலைக்கு அருகே கோட்டைச் சுவருக்குள் அருங்காட்சியகத்துடன் பத்மநாபபுரம் அரண்மனையும் தனித்தனியே நிற்கின்றன. மூன்றும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் (1729–1758) காலத்தில் வலுப்பெற்ற ஒரே அரசின் அரண்கள் என்பதால், சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் பொருள் விளங்கும்.

இம்மூன்றையும் காண வந்து, அருவியுள்ள திற்பரப்பில் தங்குவோர் காலையில் அருவியில் நீராடிவிட்டு ஈரத்துணியோடு பிற்பகலில் அரண்மனையை எட்டுவதே வழக்கம். இது தலைகீழான முறை. அருவியை மறுநாளுக்கு ஒதுக்கி, குலசேகரம் வழியாகத் தக்கலைக்குக் காலையிலேயே புறப்படுவது நன்று. 1956-இல் குமரி தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருப்பதால் திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. மதிய இடைவேளையும் உண்டு. மகா சிவராத்திரியன்று பன்னிரு சிவாலயங்களை ஓடி வழிபடும் சிவாலய ஓட்டத்தில் மூன்றாவது தலம் திற்பரப்பு, ஏழாவது தலம் பத்மநாபபுரம் கோட்டைக்குள் உள்ள கல்குளம் என்பதால், அந்நாளில் இவ்வழியே ஊர்தியில் செல்ல எண்ணுவது வீண்.

கொட்டாரம் என உள்ளூரார் அழைக்கும் அவ்வரண்மனையில் காலணியைக் கழற்றியே நடக்க வேண்டும். அது இடையூறு அன்று: சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கலந்து மெழுகியதாகக் கூறப்படும் கருந்தரையின் வழவழப்பையும் குளிர்ச்சியையும் கண்ணைவிட உள்ளங்கால் நன்றாக அறியும். தாழ்ந்த நிலைப்படிகளில் தலை இடிபடாமல் காப்பது அவரவர் பொறுப்பு.

உதயகிரிக்கு நண்பகல் பொருந்தும். வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக உள்ள அங்கு மர நிழலுக்குக் குறைவில்லை. 1741 குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் பின்னர் 'வலிய கப்பித்தான்', அதாவது திருவிதாங்கூர்ப் படையின் பெருந்தலைவர் ஆனார். பீரங்கி வார்க்கும் பட்டறையும் இக்கோட்டைக்குள் நடந்தது. 1777-இல் இறந்த அவருடைய கல்லறை, கூரையிழந்த தேவாலயத்தினுள் இலத்தீன், தமிழ் எழுத்துகளோடு உள்ளது. விலங்குக் கூண்டுகளைப் பார்த்துத் திரும்பிவிடுவோரே மிகுதி. கல்லறையைக் காணாமல் திரும்புவது உதயகிரியைக் காணாததற்குச் சமம்.

வெயில் தணிந்த பின் வட்டக்கோட்டைக்குச் செல்லலாம். கருங்கல் மதில்மேல் நிழல் இல்லை, காற்றோ தொப்பியைப் பறிக்கும். மதிலின் மேல்தளத்துக்குப் படிக்கட்டுக்கு மாறாகச் சாய்தளம் செல்வது பீரங்கி வண்டிகளை மேலே இழுப்பதற்காக. அதில் ஏறிக் கடலைப் பார்ப்பவர்கள் வடக்கேயும் திரும்ப வேண்டும், ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிச் சென்ற அரண்வரிசை இக்கடற்கரையிலிருந்தே தொடங்கியது.