கத்தரியும் பசையும் இல்லாமல்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

'வெட்டு ஒன்று, துண்டு இரண்டு' என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கணிப்பொறியிலோ ஒருமுறை வெட்டியதை ஒன்பது இடங்களில் ஒட்டலாம். ஒட்டிய பின்னும் அது தீர்ந்து போவதில்லை. கத்தரி இல்லை, பசை இல்லை, கையில் கறையும் இல்லை. தினமும் நாம் செய்யும் இந்த வேலை எவ்வாறு பிறந்தது, திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது, நாம் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம், தோழியரே!

பிறந்த கதை

நாம் படிக்கும் பாடப்புத்தகங்களைப் போன்ற புத்தகங்களை வெளியிட்டு வந்த கின் அண்டு கம்பெனி என்னும் பதிப்பகம், அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்து இயங்கி வந்தது. அங்குள்ள பதிப்பாசிரியர்கள் ஒரு பத்தியை இடம் மாற்ற வேண்டுமானால், தட்டச்சு செய்த தாளை உண்மையாகவே கத்தரியால் வெட்டி, வேறு தாளில் பசையால் ஒட்டுவார்கள். அப்பதிப்பகம் ஜெராக்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. ஆகவே அவர்களுக்கு உதவும் பொறுப்பு, கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்னும் ஊரில் இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது.

அங்கே 'பிராவோ' என்ற எழுத்து நிரல் ஏற்கனவே இருந்தது. அது திறமையானதுதான்; ஆனால் ஒரு தொல்லை இருந்தது. அந்நிரலில் கட்டளை நிலை வேறு, எழுதும் நிலை வேறு. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து, 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒருவர் தட்டினால் என்ன ஆகும்? முதல் எழுத்து, கட்டுரை முழுவதையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாம் எழுத்து, அதை அழித்துவிடும். மூன்றாம் எழுத்து, எழுதும் நிலைக்கு மாற்றும். நான்காம் எழுத்து மட்டும் திரையில் தனியே நிற்கும்! பல மணி நேர உழைப்பு நான்கு தட்டுகளில் போய்விடும்.

லாரி டெஸ்லர், டிம் மாட் ஆகிய இருவரும் இதற்கு மாற்றுக் காண முனைந்தனர். டிம் மாட் பதிப்பகத்துக்கே சென்று, அங்குள்ளவர்கள் வேலை செய்யும் முறையைக் கவனித்தார். டெஸ்லரோ, ஆராய்ச்சி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த அலுவலகப் பெண் ஒருவரை வெற்றுத் திரையின் முன் அமர்த்தினார். திருத்தக் குறிகள் இட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, "இந்தத் திருத்தங்களை இத்திரையில் நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டார். 'சேர்க்க வேண்டிய இடத்தைச் சுட்டிக் காட்டுவேன், பிறகு தட்டுவேன்; நீக்க வேண்டியதன் மேல் கோடு இழுப்பேன்' என்பதே அப்பெண் சொன்னதன் கருத்து. நிபுணர்கள் நிபுணர்களுக்காகச் செய்த நிரலை, கணிப்பொறி அறியாத ஒரு பெண்ணின் இயல்பான பதில் திருத்தியது என்றால் மிகையாகாது. 1974, 1975 ஆம் ஆண்டுகளில் அவ்விருவரும் உருவாக்கிய 'ஜிப்சி' என்னும் நிரலில், இன்று நாம் செய்யும் வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் என்னும் மூன்றும் இன்றைய எளிய வடிவைப் பெற்றன.

பின்னர் டெஸ்லர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1983இல் வெளிவந்த லிசா கணிப்பொறியும் 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷும் இம்முறையைப் பலரிடமும் கொண்டு சேர்த்தன. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் 74ஆம் வயதில் டெஸ்லர் மறைந்தார்.

எக்ஸ், சி, வி ஆகிய விசைகளை ஏன் தேர்ந்தார்கள் என்று சிலருக்கு ஐயம் எழலாம். எக்ஸ் என்பது பெருக்கல் குறி போல் அடித்து நீக்குவதைக் காட்டும். சி என்பது நகலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. வி என்பது, அச்சுப்பிழை திருத்துவோர் 'இங்கே சேர்க்க' என்று இடும் கூரை போன்ற குறியைத் தலைகீழாக்கிய வடிவம். மூன்றும் விசைப்பலகையின் கீழ் வரிசையில் அடுத்தடுத்து அமைந்திருப்பதால் இடக்கைக்கு எளிது.

தேர்ந்தெடுக்கும் முறை

எதைச் செய்ய வேண்டுமானாலும் முதற்படி, தேர்ந்தெடுத்தலே ஆகும். சுட்டியின் இடப் பொத்தானைத் தொடக்கத்தில் அழுத்தி, முடிவு வரை இழுத்து விடலாம். ஒரு சொல் மட்டும் போதுமானால் அதன் மேல் இருமுறை சொடுக்கலாம். மும்முறை சொடுக்கினால் வேர்டு நிரலில் பத்தி முழுவதும் தேர்வாகும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஒரு வாக்கியம் மட்டும் தேர்வாகும், பத்திக்கு நான்கு முறை சொடுக்க வேண்டும். பல பக்கங்கள் நீண்ட பகுதியை இழுத்து இழுத்துக் கை வலிக்கத் தேவையில்லை. தொடக்கத்தில் ஒருமுறை சொடுக்கி, பிறகு ஷிப்ட் விசையை அழுத்தியபடி முடிவில் ஒருமுறை சொடுக்கினால் போதும். அனைத்தும் வேண்டுமானால் கண்ட்ரோலுடன் ஏ.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேர்ந்தெடுத்த பகுதி நிறம் மாறி நிற்கும்போது எந்த எழுத்தைத் தட்டினாலும், அப்பகுதி முழுவதும் நீங்கி அந்த ஓர் எழுத்தே நிற்கும். அப்போது பதற வேண்டாம். வேறு எதையும் தட்டவும் வேண்டாம். உடனே கண்ட்ரோலுடன் இசட் விசையை அழுத்தினால் போனது திரும்பி வரும்.

கிளிப்போர்டு என்னும் இடைத்தங்கல்

வெட்டியதும் நகலெடுத்ததும் ஒட்டும் வரை எங்கே இருக்கின்றன? அதற்குக் கணிப்பொறி ஒதுக்கும் தற்காலிக இடமே கிளிப்போர்டு. இதை ஒரே ஒரு பொருள் மட்டும் வைக்கக்கூடிய தட்டு என்று கொள்வோம். அதிலிருந்து எத்தனை முறை எடுத்தாலும் குறையாது. ஆனால் புதிதாக ஒன்றை வைத்த கணமே பழையது போய்விடும். ஆகவே ஒரு பத்தியை வெட்டிவிட்டு, ஒட்டுவதற்கு முன் வேறொரு சொல்லை நகலெடுத்தால், அப்பத்தி தட்டிலும் இராது, கட்டுரையிலும் இராது. மின்சாரம் போனாலும் இதே கதிதான். வெட்டினால் உடனே ஒட்டிவிட வேண்டும். பெரிய பகுதியாக இருந்தால் முதலில் நகலெடுத்து ஒட்டி, சரிபார்த்த பின் பழையதை நீக்குவது நலம்.

மற்றொரு விந்தையும் உண்டு. நகலெடுக்கும் நிரல், ஒரே செய்தியைப் பல வடிவங்களில் கிளிப்போர்டில் தரும்: நிறமும் எழுத்தளவும் சேர்ந்த வடிவம் ஒன்று, வெறும் எழுத்து வடிவம் ஒன்று. பெற்றுக்கொள்ளும் நிரல் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே பகுதி வேர்டில் வண்ணமாகவும் நோட்பேடில் வெறும் எழுத்தாகவும் வந்து விழுகிறது. அலங்காரம் வேண்டாமெனில், பல நிரல்களில் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் சேர்த்து வி தட்டலாம்.

லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் இருவேறு தட்டுகள் உண்டு. தேர்ந்தெடுத்ததை நகலெடுக்காமலே சுட்டியின் நடுப்பொத்தானால் ஒட்டுவது ஒன்று. வழக்கமான கிளிப்போர்டு மற்றொன்று. அங்கே செய்தி, நகலெடுத்த நிரலிடமே இருக்கும், கேட்கும்போதுதான் கொடுக்கும். துணை நிரல் ஏதும் இல்லையென்றால், கேட்பதற்கு முன் அந்நிரலை மூடிவிட்டால் கொடுக்க ஆளில்லை!

நம் தமிழும் கிளிப்போர்டும்

'பள்ளி' என்பதில் நமக்கு மூன்று எழுத்துகள். கணிப்பொறிக்கோ ப, ள, புள்ளி, ள, இகரக் குறி என ஐந்து குறியீடுகள். சுட்டியால் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலான நிரல்கள் 'ளி' என்பதை ஒரே எழுத்தாகவே எடுக்கும். ஆனால் பின்னழிப்பு விசையைத் தட்டினால் குறி மட்டும் போய், 'பள்ள' என்று நிற்கும். இது பிழையன்று, உயிர்மெய்யின் குறியை மட்டும் மாற்ற உதவும் வசதியே.

கிளிப்போர்டு எழுத்தின் படத்தை அன்று, அதன் குறியீட்டையே சுமந்து செல்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவை ஏற்காத வேறிடத்தில் அதை ஒட்டினால் அம்மாவைக் காணோம்! 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழுக்கெனத் தனி இடம் கிடைத்தது. அம்முறையில் தட்டியதை எங்கே ஒட்டினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

கவனம் தேவை

என் தாயார் ஒரு கணிப்பொறித் தட்டச்சுக் கடையில் பணிபுரிகிறார். அங்கே ஒரு திருமண அழைப்பிதழைப் பழைய அழைப்பிதழின் நகலில் பெயர்களை மாற்றித் தயாரித்தார்கள். மணமக்கள் பெயர் மாறியது; தேதி மாறியது; மண்டபத்தின் ஊர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. 500 அழைப்பிதழ்கள் வீணாயின. அச்சுக்கூலியில் பாதி என் தாயாரின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அன்று முதல் அவர், ஒட்டிய ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்த பின்பே அச்சுக்கு அனுப்புகிறார். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கு எண்ணை ஒட்டும் நமக்கும் இது பொருந்தும். ஒட்டிய எண்ணை வங்கிப் புத்தகத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும்.

பலரும் பயன்படுத்தும் கணிப்பொறியில் கடவுச்சொல்லையோ ஆதார் எண்ணையோ நகலெடுத்துவிட்டு எழுந்து போனால், அடுத்து அமர்பவர் வி விசையைத் தட்டினால் போதும், அது வெளிவந்துவிடும். எழுமுன் ஏதேனும் ஒரு சாதாரணச் சொல்லை நகலெடுத்துவிட வேண்டும். விண்டோஸில் 2018 முதல் பழைய நகல்களையும் நினைவில் வைக்கும் வசதி உண்டு. அது இயக்கப்பட்டிருந்தால் அப்பட்டியலையும் அழிக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. ஒப்படைப்புக் கட்டுரையை இணையத்திலிருந்து வெட்டி ஒட்ட அரை நிமிடம் போதும். தாள் நிறையும், மதிப்பெண்ணும் ஒருவேளை கிடைக்கும். ஆனால் தேர்வு அறைக்குள் எந்தக் கிளிப்போர்டும் நம்முடன் வராது. பிறர் எழுதியதை நம் பெயரில் தருவது, பிறர் பொருளை நம் பையில் வைப்பதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

பாடப்புத்தகம் உருவாக்கியவர்களின் கைவலியைக் குறைக்கப் பிறந்த கருவி இது. அதைச் சரியாகக் கற்றால் நம் நேரம் மிஞ்சும். கவனமாகக் கையாண்டால் பிறர் பணமும் நம் மானமும் காக்கப்படும். தோழியரே, நம் எழுத்தை இடம் மாற்றுவதற்கு வெட்டுவோம், ஒட்டுவோம். எழுத வேண்டியதை நாமே சிந்தித்து எழுதுவோம்!